பத்தி ஏழு: பயனாளிகள் எண்ணிக்கை

‘பின்தங்கிய கடலோரப் பகுதி’ என்று
முன்கூட்டியே அச்சடித்து வந்தது படிவம்.
எதற்குப் பின்னால் என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.
எங்களுக்கு முன்னால் அட்லாண்டிக் இருக்கிறது,
அதற்கும் கட்டம் இல்லை.

நான் அட்ராக்டா மனெலி.
இன்வர்பான் தூண்டில் மன்றத்தின் செயலாளர்,
பொருளாளர் இறந்த பிறகு பொருளாளரும்.
ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மேடை கேட்டோம்:
பதினெட்டு மீட்டர், மரத்தில்,
சக்கர நாற்காலி ஏறும்படி ஒரு சரிவு.
முக்கால் பங்கு அரசு போடும்,
கால் பங்கு ஊர் போட வேண்டும்.

மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்றார்கள்.
அறுபது மைலுக்குள் மரக்கடை ஒன்றுதான்.
கால்வேயிலிருந்து இன்னும் இரண்டு வாங்கினேன்,
இரண்டின் அடியிலும் ஒரே குறிப்பு:
உங்கள் ஊருக்கு லாரி வராது.
அதையும் இணைப்பாக வைத்தேன்.

கால் பங்குக்குச் சீட்டுக் குலுக்கினோம்.
பரிசு ஒரு பன்றித்தொடை.
மானஸ் டீனுக்கு விழுந்தது, திருப்பித் தந்தான்.
மறுபடி குலுக்கினோம், மறுபடி அவனுக்கே.
மூன்றாம் முறை பாதிரியாருக்கு விழுந்தது.
அவர் வைத்துக்கொண்டார்.

மீதியை உழைப்பாகத் தரலாம் என்று ஒரு விதி,
மணிக்குப் பதினான்கு யூரோ.
என் கணவன் மக்டாரா
இருநூற்றுப் பதினோரு மணி நேரம் எழுதிக் கையெழுத்திட்டான்.
இதே முகத்துவாரத்தில் முப்பது வருஷம்
விடிய விடிய சால்மனுக்கு வலை விட்டவன்.
அப்போது யாரும் மணி எண்ணவில்லை.
பிறகு, வலை விட்டவனை
வலையை விடச் சொல்லி
அரசு ஒரு காசோலை தந்தது.
ஜன்னல்களை மாற்றினோம். அவனுக்கு ஒரு பல் கட்டினோம்.
இப்போது அதே அரசு, அதே மீன்.
ஹாம்பர்க்கிலிருந்து வருகிறவர்
அதைத் தூக்கிப் படம் எடுத்து
வாயிலிருந்து கொக்கியைக் கழற்றித்
திரும்ப ஆற்றில் விடுவதற்கு
ஒரு மேடை.
“சாப்பாட்டோடு விளையாடக் கூடாதென்று
என்னை அடித்து வளர்த்தார்கள்”
என்றான் மக்டாரா.
சொல்லிவிட்டு
அடுத்த பலகைக்குத் திருகாணி முடுக்கினான்.

அக்டோபரில் கில்பிரைட் வந்தார்,
டப்ளினிலிருந்து, விலைச்சீட்டு உரிக்காத ரப்பர் பூட்ஸில்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே,
இதுவோ ஆற்றிலேயே போட்ட பணம்.
நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன்.
பதினேழு மீட்டர் அறுபது.
மறுபடி.
பதினேழு அறுபது.
வரைபடத்தில் பதினெட்டு.

மக்டாரா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
“அந்த விளிம்பை ஒட்டித்தான் மீன் ஏறும்.
நிழல் விழுந்தால் திரும்பிவிடும்.”
கில்பிரைட் தண்ணீரைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.
தேநீர் நிறத்தில் ஆறு, மேலே மழைப்புள்ளி,
உள்ளே ஒன்றும் தெரியவில்லை.
“இதற்கு ஆதாரம் ஏதாவது…” என்று இழுத்தார்.
மக்டாரா சிரித்தான்,
கட்டிய பல் தெரிய.

நாற்பது சென்டிமீட்டருக்குப் பிடித்தம்
எண்ணூற்று அறுபது யூரோ.
மேடை கட்டிய பின் அங்கே நடந்த
முதல் பிடித்தம் அதுதான்.

பத்தி ஏழை நேற்றிரவு நிரப்பினேன்.
உள்ளூர்த் தூண்டில்காரர், என்னோடு, இருபத்தாறு.
வெளியூரும் வெளிநாடும் எழுபத்து மூன்று.
மக்டாரா தன்னைச் சேர்க்கக் கூடாது என்றான், சேர்க்கவில்லை.
ஊனா பாரெட்டைச் சேர்த்தேன்:
நாற்காலியை உருட்டிக்கொண்டு தினமும் நுனிவரை போகிறாள்,
தூண்டிலைத் தொட்டதே இல்லை,
அக்கா வீட்டில் புகைக்க விடுவதில்லை.
ஆக மொத்தம் நூறு.

நூறு என்றால் நம்ப மாட்டார்கள்.
யாரை எடுப்பது என்று
அடுப்பு அணையும் வரை யோசித்து
என்னை எடுத்துவிட்டேன்.

எண்ணூற்று அறுபதுக்குச் சனிக்கிழமை குலுக்கல்.
பரிசு அதேதான்.
மானஸுக்குச் சீட்டு விற்பதில்லை என்று
மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது.
மானஸும் கை தூக்கினான்.